ஆர்சிசிபி விழுந்த கதை: ஹீட்டர் இல்லை, ஏர்கானும் இல்லை

எங்கள் வீட்டில் மின்சாரம் டிரிப் ஆகிக்கொண்டே இருந்த தொல்லை ஒருவழியாக முடிந்தது. வாட்டர் ஹீட்டர் மேல் பழி போட்டு அதற்குச் செலவு செய்தோம், அப்புறம் ஏர்கான் மேல் போட்டு அதற்கும் செலவு செய்தோம். கடைசியில் பார்த்தால், சமையலறைக் கூரையில் ஒரு குறையும் சொல்லாமல் எரிந்துகொண்டிருந்த வட்ட எல்இடி விளக்குக்குப் பின்னால் தோல் உரிந்து கிடந்த ஒரு நீல வயர்தான் காரணம். இந்த வகைக் கோளாறு எப்படி ஆளை அலைக்கழிக்கும், எந்த அளவை எடுத்திருந்தால் சீக்கிரம் பிடித்திருக்கலாம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வீடு சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில், நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மெயின் சுவிட்ச் 40 ஆம்பியர். டிபி பெட்டி (மின்சாரத்தை வீட்டுக்குள் பிரித்துவிடும் பெட்டி) வாசல் கதவுக்கு மேலே, உள்பக்கம். அதைத் திறந்தால் இடது ஓரத்தில் மெயின், அதற்குப் பக்கத்தில் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் வீடு முழுக்கத் துண்டிக்கும் கருவி), அப்புறம் வரிசையாக எம்சிபிக்கள் (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள பாதுகாப்புச் சுவிட்சுகள்): விளக்குக்கு இரண்டு, பிளக் பாயிண்டுகளுக்கு மூன்று, ஹீட்டருக்கு ஒன்று, ஏர்கானுக்கு ஒன்று, ஓவனுக்கு ஒன்று. எது எதற்கு என்று பென்சிலில் எழுதியிருந்தது பாதி அழிந்துபோயிருந்தது.

விழுந்தது எப்போதும் ஆர்சிசிபி மட்டும்தான். எம்சிபி ஒன்றுகூட இறங்கவில்லை. இது முக்கியம். எம்சிபி இறங்கினால் அந்தச் சர்க்யூட்டில் அதிகச் சுமை, இல்லையென்றால் ஷார்ட் என்று பொருள். ஆர்சிசிபி பார்க்கும் கணக்கு வேறு: லைவ் வழியாகப் போன மின்சாரமெல்லாம் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் அது கட்டாயம் விழ வேண்டும், 15க்குள் இருந்தால் விழக்கூடாது. நடுவில் எங்கே விழுகிறது என்பது அந்தந்தக் கருவியைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு இது கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளும் பொருத்தியாக வேண்டும் என்று 2023 ஜூலை 1ஆம் தேதி விதி வந்து, 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். அது அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு யாராவது நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடலாம் என்று சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் இரவு ஒன்பது மணி வாக்கில் விழ ஆரம்பித்தது. வரிசையாக எல்லாரும் குளிக்கிற நேரம், இரண்டு படுக்கையறையிலும் ஏர்கான் ஓடுகிற நேரம். பட்டென்று வீடு முழுக்க இருட்டு. நாற்காலி போட்டு ஏறித் தள்ளிவிட்டால் நின்றுவிடும், அன்றைக்கு அப்புறம் தொல்லை இருக்காது. ஒரு வார இறுதி ஜோகூருக்குப் போய்விட்டு வந்தபோது கதவைத் திறந்ததுமே வாடை. ஃபிரிட்ஜ் எப்போது நின்றதோ தெரியவில்லை, உள்ளே வைத்திருந்த தோசை மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தட்டில் இருந்த காய்கறி மேலெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. மேல் தட்டு மீனைப் பற்றி எழுத வேண்டாம். அத்தை, எந்தெந்த நேரத்தில் விழுகிறது என்று நாட்காட்டியில் குறித்து வை, ராகு காலத்தோடு ஒத்துப்போகிறதா பார்ப்போம் என்றார். சிரித்துக்கொண்டே தேக்கா மளிகைக்கடையில் கொடுத்த தினசரித் தாளில் நேரத்தையும், அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் அந்த ஜோகூர் நாளிலிருந்து தொடங்கிக் குறிக்க ஆரம்பித்தேன். ராகு காலத்துக்குச் சம்பந்தமில்லை. ஆனால் இந்த வேலை முழுவதிலும் காசு செலவில்லாமல் கிடைத்த உருப்படியான உதவி அந்தத் தாள்தான்.

எல்லாரும் சொல்கிற முறையைத்தான் முதலில் செய்தேன். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு எம்சிபியாக ஏற்று. எதை ஏற்றும்போது விழுகிறதோ அதுதான் கோளாறுள்ள சர்க்யூட். சனிக்கிழமை பகலில் செய்தேன். எதை ஏற்றியும் விழவில்லை. எல்லாவற்றையும் ஏற்றி அரை மணி நேரம் காத்திருந்தும் விழவில்லை. அன்று இரவே, ஹீட்டரைப் போட்ட பத்து நிமிடத்தில் விழுந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டால் நிற்கிறது, போட்டால் விழுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஹீட்டரைச் சந்தேகித்ததில் நியாயம் உண்டு. எங்களுடையது குளியலறைப் பொய்க்கூரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் 25 லிட்டர் தொட்டி ஹீட்டர், 3000 வாட். இந்த எலிமென்டின் உள்ளே சூடாகும் கம்பிக்கும் வெளியே தண்ணீரைத் தொடும் உலோகக் குழாய்க்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அங்கிருந்து மின்சாரம் எர்த்துக்குக் கசியும். ஆர்சிசிபி விழுகிறது என்றாலே பாதிப் பேர் ஹீட்டர் எலிமென்ட் என்று சொல்வது இதனால்தான். உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவர் வந்தார், தொட்டியை வடித்து, ஆறு போல்ட்டைக் கழற்றி, பழைய எலிமென்டை எடுத்து, புதிது போட்டு, கேஸ்கெட்டும் மாற்றினார். கூலியோடு 140 வெள்ளி. கழற்றிய எலிமென்டை வாங்கிப் பார்த்தேன்: நுனியில் லேசான பழுப்பு, மற்றபடி சுத்தம். இங்கே தண்ணீரில் உப்புக் குறைவு, ஊரில் பார்ப்பதுபோல வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்தபோதே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அதற்கப்புறம் தொடர்ந்து மழை, இரவில் மின்விசிறியே போதுமாக இருந்தது, ஆர்சிசிபியும் சாதுவாக இருந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்தோம்.

மழை விட்டது. ஏர்கான் ஓடியது. மறுபடி விழுந்தது.

இப்போது ஏர்கான் முறை. மூன்று அறைக்கும் ஒரே வெளி யூனிட், இங்கே சிஸ்டம் 3 என்று சொல்கிற வகை. இன்வெர்ட்டர், கேஸ் ஆர்410ஏ. கம்ப்ரசர் சுருளின் இன்சுலேஷன் (மின்காப்பு) கெட்டுப்போனால் ஆர்சிசிபி விழும் என்பது உண்மை. வெளி யூனிட் ஜன்னலுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது, அங்கே இணைப்பில் ஈரம் இறங்கினாலும் விழும். சர்வீசுக்கு வந்த பையன் சுறுசுறுப்பானவன்தான், ஆனால் முன்பக்க மூடியைத் திறந்ததுமே கேஸ் குறைந்திருக்கிறது, கெமிக்கல் வாஷ் பண்ண வேண்டும், பண்ணினால் டிரிப் நின்றுவிடும் என்றான். கேஸ் மூடிய குழாய்க்குள்தான் சுற்றுகிறது, பெட்ரோல்போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அப்படியே குறைந்திருந்தாலும் அறை குளிராது, அவ்வளவுதான். ஆர்சிசிபி விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண சர்வீஸ் போதும் என்று சொல்லிவிட்டேன், மூன்றுக்கும் சேர்த்து 100 வெள்ளி.

அந்த நூறு வெள்ளி முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். நடு அறை யூனிட்டின் தண்ணீர்க் குழாயில் வேக்குவம் வைத்து உறிஞ்சியபோது, கடல்பாசி ஜெல்லி மாதிரி வழவழவென்று ஒரு சாம்பல் நிறக் கட்டி, கிட்டத்தட்ட கை நீளத்துக்கு, குழாயின் வடிவத்திலேயே வெளியே வந்து வாளியில் விழுந்தது. இங்கே காற்றில் ஈரம் சராசரியாக எண்பது விழுக்காட்டுக்கு மேல். குளிர்ந்த சுருளில் பட்டு அந்த ஈரம்தான் தண்ணீராக வடிகிறது, இரவு முழுக்க ஓடினால் வாளிக் கணக்கில் வடியும். குழாய் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் உள்ளே இந்தப் பாசி வளர்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தண்ணீர் திரும்பி அறைக்குள் சொட்டியிருக்கும். அது தப்பியது. ஆர்சிசிபி மட்டும் அன்று இரவே விழுந்தது.

திருப்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விருந்தாளிகள் வந்த நாள். ஹீட்டரை அதன் இரட்டைத்துருவ சுவிட்சில் அணைத்திருந்தேன். ஏர்கானும் ஐசோலேட்டரில் அணைந்திருந்தது, ஹாலில் மின்விசிறி மட்டும். ஓவனில் கோழி, பக்கத்தில் மின்கேத்தல், ரைஸ் குக்கர் மூன்றும் ஒன்றாக ஓடியபோது விழுந்தது. இந்த இரண்டு சுவிட்சுகளும் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிப்பவை. ஆக அந்த நேரத்தில் ஹீட்டரும் ஏர்கானும் வீட்டு வயரிங்கோடு தொடர்பே இல்லாமல் இருந்தன. நாட்காட்டித் தாள்களை எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். ஹீட்டரும் ஏர்கானும், ஹீட்டரும் ஓவனும், ஏர்கானும் கேத்தலும். எந்தப் பொருளும் எல்லாத் தாளிலும் இல்லை. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: வீட்டின் மொத்தச் சுமை. ஹீட்டர் மட்டுமே 13 ஆம்பியர் இழுக்கும், ஏர்கான் மூன்றும் சேர்ந்து இன்னொரு எட்டு, ஒன்பது. ஏதோ ஒரு பொருள் கசியவில்லை, வீட்டில் எந்தப் பொருள் அதிகமாக இழுத்தாலும் கசிகிறது.

ஒரே ஒரு தாள் மட்டும் இதற்கும் ஒத்துவரவில்லை: நாங்கள் ஜோகூரில் இருந்த நாள். வீட்டில் ஆளே இல்லை, ஃபிரிட்ஜைத் தவிர எதுவும் ஓடவில்லை.

சிம் லிம் டவருக்குப் போய் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன், கேட் 3, 600 வோல்ட் என்று பாதுகாப்புத் தரம் போட்டது, 45 வெள்ளி. இருபது வெள்ளிக்குக் குறைவாகவும் கிடைக்கும், ஆனால் வீட்டு மெயின் லைனில் வைக்கப்போகிற மீட்டரில் அந்த இடத்தில் கஞ்சம் பார்க்க வேண்டாம். பிளக் பாயிண்டில் சொருகினால் மூன்று சின்ன விளக்கு எரிந்து சரி, தவறு சொல்லும் டெஸ்டர் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. எல்லாப் பாயிண்டிலும் சரி என்றே காட்டியது. அதற்கு நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டுமே அதற்குப் பூஜ்ய வோல்ட்தான்; எனக்கு வேண்டியிருந்ததோ அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ்.

அதை அளக்க ஒரு சின்னக் கருவி செய்துகொண்டேன். நம்மூர் 13 ஆம்பியர் பாயிண்டில் எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும், அதனால் மீட்டர் ஊசியை நேராக உள்ளே விட முடியாது. எர்த் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு மூடியைத் திறக்கிற வித்தையைச் சிலர் செய்வார்கள், செய்யாதீர்கள். ஒரு புது 13 ஆம்பியர் பிளக் வாங்கி, அதன் நியூட்ரல் பின்னிலும் எர்த் பின்னிலும் மட்டும் ஓரடி வயர் கொடுத்து, மறுமுனையை ஒரு டெர்மினல் பிளாக்கில் முடுக்கினேன். லைவ் பின்னில் வயரே கிடையாது, ஃபியூஸையும் எடுத்துவிட்டேன். எல்லாம் சேர்ந்து 5 வெள்ளி. இதைச் சொருகிவிட்டு மீட்டரை டெர்மினலில் மாட்டி மேசையில் வைத்துவிட்டால், சாவகாசமாக நாள் முழுக்கப் பார்க்கலாம்.

பார்த்தது இதுதான். பகலில், எதுவும் ஓடாதபோது, 0.3 வோல்ட். இரவு எட்டரை மணிக்கு, எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தாலும் 0.9. ஹீட்டரும் ஏர்கானும் சேர்ந்து ஓடும்போது 1.6, அங்கேதான் விழுந்தது.

நியூட்ரல் துணை மின்நிலையத்தில் பூமியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து நம் வீடு வரை வரும் கேபிளில் மின்சாரம் ஓட ஓட, கொஞ்சம் வோல்டேஜ் ஏறும். அது இயல்பு, ஒன்றிரண்டு வோல்டுக்கு யாரும் கவலைப்படுவதில்லை. புளோக்கில் மற்ற வீட்டுக்காரர்கள் இழுத்தாலும் பொதுக் கேபிளில் ஏறும், அதனால்தான் எங்கள் வீடு சும்மா இருந்தும் இரவில் 0.9. இப்போது எங்கள் வீட்டுக்குள் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சின்ன வோல்டேஜ் அந்த இடத்தின் வழியாக மின்சாரத்தைத் தள்ளும். அந்த மின்சாரம் ஆர்சிசிபியின் நியூட்ரல் பக்கத்தில் மட்டும் தெரியும், லைவ் பக்கத்தில் தெரியாது. வோல்டேஜ் ஏறினால் கசிவும் ஏறும், ஒரு கட்டத்தில் விழும். ஜோகூர் நாள் தாள் இப்போது ஒத்துப்போயிற்று.

சரி, எந்தச் சர்க்யூட்? அதுவரை எம்சிபியை இறக்கி இறக்கித்தானே ஒவ்வொன்றாக ஒதுக்கினேன், விளக்குச் சர்க்யூட்டை முதல் நாளே ஒதுக்கியிருந்தேனே என்று குழப்பம். இதற்கு மேல் டிபி பெட்டிக்குள் கை வைப்பது நம் வேலையில்லை; இங்கே வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் செய்ய வேண்டும், அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நண்பர் ஒருவர் மூலம் கிடைத்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன். தாள்களையும் வோல்ட் கணக்கையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எம்சிபிய ஆஃப் பண்ணா லைவ்தான் தம்பி போகும். நியூட்ரல் எங்கயும் போகல, பாருக்குள்ள அப்படியேதான் உட்கார்ந்திருக்கு. நீங்க ஒண்ணையுமே இன்னும் ஒதுக்கலை" என்றார்.

எம்சிபிக்கள் எல்லாம் ஒற்றைத்துருவம். இறக்கினால் லைவ் மட்டும் துண்டிக்கப்படும். எல்லாச் சர்க்யூட்டின் நியூட்ரலும் பெட்டியின் அடியில் ஒரே பித்தளைப் பட்டையில் முடுக்கியிருக்கும், அது எப்போதும் இணைந்தே இருக்கும். ஆக லைவ் கசிந்தால்தான் ஒவ்வொன்றாக ஏற்றும் முறை பிடிக்கும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், எல்லா எம்சிபியும் இறங்கியிருந்தாலும் ஆர்சிசிபி விழலாம். எல்லாரும் சொல்லிக்கொடுக்கிற முறையில் இந்த ஓட்டையை ஏன் யாரும் சொல்வதில்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது.

அவர் செய்தது எளிமையான வேலைதான், ஆனால் கை ஒழுங்காக ஓடியது. மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பட்டையிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடாவில் எண் போட்டார். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டிலும் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவில் இன்சுலேஷன் டெஸ்டரால் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். சேர்த்துப் பிடிப்பதற்குக் காரணம், அந்த 500 வோல்ட் எல்இடி டிரைவர், இன்வெர்ட்டர் பலகை மாதிரி எலக்ட்ரானிக்ஸின் குறுக்கே பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடக் கூடாது. குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். ஹீட்டர் 200க்கு மேல். அதாவது புது எலிமென்ட் ரொம்ப ஆரோக்கியம், பழையதும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏர்கான் 90 சொச்சம். பிளக் பாயிண்டுகள் எல்லாம் சுகம். இரண்டாவது விளக்குச் சர்க்யூட்: 0.00. சாதாரண மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம்.

நாற்பது ஓம் என்றதும் மேசையில் இருந்த தாளில் வகுத்துப் பார்த்தேன். பகலின் 0.3 வோல்ட் என்றால் 7, 8 மில்லிஆம்பியர், விழாது. யாருமில்லாத இரவின் 0.9 என்றால் 22, விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். ஹீட்டரும் ஏர்கானும் ஓடும்போது 1.6 என்றால் 40, கட்டாயம் விழும். ஒரு கோளாறு இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக் காட்டும் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான், ஏணி எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

அந்தச் சர்க்யூட்டில் ஹால், சமையலறை, ஸ்டோர், குளியலறை விளக்குகள். எல்லாவற்றையும் கழற்றாமல், நடுவில் இருந்த ஹால் விளக்கை முதலில் இறக்கி, அங்கே நியூட்ரலைப் பிரித்து இரண்டு பக்கமும் அளந்தார். கோளாறு சமையலறைப் பக்கம். சமையலறை விளக்கின் மூடியைத் திருப்பிக் கழற்றி, இரும்புத் தட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகையும் தளர்த்தியதும், என்னை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

வயர் உள்ளே வருவதற்காகத் தட்டில் ஒரு துளை. துளையின் விளிம்பில் ரப்பர் கிரோமெட் (வயரைக் காக்கும் வளையம்) இல்லை, வெட்டிய தகடு அப்படியே கூராக இருந்தது. நீல வயர் அந்த விளிம்புக்கும் கூரைக்கும் நடுவில் நசுங்கி, கால் அங்குலத்துக்குத் தோல் பிளந்து, செம்பு, எர்த்தோடு இணைந்திருக்கும் அந்தத் தட்டில் படிந்திருந்தது. படிந்த இடத்தில் தட்டின் வெள்ளைப் பெயிண்ட் சுரண்டியிருந்தது, சமையல் ஆவியில் அந்த இடம் துருப்பிடித்து, செம்பின் மேலும் பச்சைக் களிம்பு. அந்தத் துருதான் அந்த நாற்பது ஓம். சுத்தமான உலோகமாக இருந்திருந்தால் பொருத்திய அன்றைக்கே விழுந்திருக்கும், போட்டவரே திரும்பி வந்து சரிசெய்திருப்பார். விளக்குக்கு லைவ் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது, நியூட்ரல் நேராக வருகிறது. அதனால் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் இந்தத் தொடர்பு இருந்துகொண்டேதான் இருந்தது.

வீட்டைப் புதுப்பித்தபோது பழைய வட்ட ஃப்ளோரசன்ட் விளக்கை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினார்கள். கூரையிலிருந்து வருவது பழைய சிவப்பும் கறுப்பும், அதோடு இணைத்து விளக்குக்கு வந்தது புதிய பழுப்பும் நீலமும். 2009இல் இங்கே வயர் நிறங்கள் மாறின. பழைய முறையில் கறுப்பு நியூட்ரல், நீலம் ஒரு ஃபேஸ் (லைவ்), புதிய முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். இரண்டும் கலந்திருக்கும் பழைய வீட்டில் நிறத்தை நம்பிக் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. அண்ணன் ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வைத்த பிறகுதான் தொட்டார்.

நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இருக்கிற நீளத்தில் புது டெர்மினல் போட்டார். கிரோமெட் பாக்கெட் 2.50 வெள்ளி, பத்து இருந்தது. பழைய தட்டை மறுபடி மாட்ட மனம் வரவில்லை. அது சமையலறையின் நடுவில் இருந்ததால், அடுப்பு மேடையில் காய் நறுக்கும்போது நம் நிழலே பலகை மேல் விழும். மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த குறை. பாலஸ்டியர் ரோட்டு விளக்குக் கடையில் முன்பே பார்த்து வைத்திருந்த நாலடி எல்இடி பேட்டன் (நீளப் பட்டை விளக்கு), 20 வாட், 4000 கெல்வின், 32 வெள்ளி. அதை மேடையின் ஓரத்துக்கு இணையாக, நிற்பவரின் தலைக்கு முன்னால் வருகிற மாதிரி நகர்த்திப் பொருத்தச் சொன்னேன். கைப்பேசிச் செயலியில் பலகை மேல் விழும் வெளிச்சத்தை அளந்தால் முன்பு 140 லக்ஸ், இப்போது 310. கைப்பேசி அளவு துல்லியமில்லைதான், ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. இத்தனைக்கும் பழையது 24 வாட். வெளிச்சத்தில் வாட்டைவிட எங்கே மாட்டுகிறோம் என்பது பெரிது.

எல்லா நியூட்ரலையும் திரும்பப் பட்டையில் முடுக்குவதற்கு முன் அந்தச் சர்க்யூட்டை மறுபடி அளந்தார்: 120 மெகாஓம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தார், விழுந்தது. கசிவு வந்தால் எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதையும் தன் கருவியில் பார்த்துவிட்டு, இதை மாற்ற வேண்டியதில்லை என்றார். அரை நாள் கூலி 180 வெள்ளி. அன்று இரவு ஹீட்டர், மூன்று ஏர்கான், கேத்தல் எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டேன். என் பிளக் கருவியில் 1.7 வோல்ட் காட்டியது, ஆர்சிசிபி அசையவில்லை. அந்த வோல்டேஜ் இன்னமும் அப்படியேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அது கோளாறே இல்லை.

மொத்தச் செலவு 500 வெள்ளியைக் கொஞ்சம் தாண்டியது. இதில் இந்தக் கோளாறுக்குத் தேவைப்பட்டது கூலி, விளக்கு, கிரோமெட் மட்டும்தான்: 215 வெள்ளிக்குள். மீட்டர் இனியும் உதவும். மீதி ஹீட்டருக்கும் ஏர்கானுக்கும் போனது.

இன்னொரு முறை வந்தால் வரிசையை மாற்றுவேன். ஆர்சிசிபி மட்டும் விழுந்து எம்சிபி எதுவும் இறங்கவில்லை என்றால், முதல் நாளே நேரமும் சுமையும் குறிக்க ஆரம்பிப்பேன். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, மெயினையும் ஆர்சிசிபியையும் மட்டும் ஏற்றி, ஓர் இரவு அப்படியே விட்டுப் பார்ப்பேன் (ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டு). அப்படியும் விழுந்தால் ஒன்று நியூட்ரல் கோளாறு, அல்லது ஆர்சிசிபியே பழுது. எந்தப் பொருளையும் கழற்ற வேண்டாம், நேராக மின் ஊழியரைக் கூப்பிடலாம். வீடு புதுப்பித்து முடிக்கும்போது, பெயிண்ட் வாசனை போவதற்குள், ஒவ்வொரு சர்க்யூட்டின் இன்சுலேஷன் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குவேன். விளக்கு மாட்டியிருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தோம், பின்பக்கம் யார் பார்த்தார்கள்?

ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனியாக ஆர்சிபிஓ போடலாமா என்றும் கேட்டேன். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது அது; கசிந்த சர்க்யூட் மட்டும் விழும், இரட்டைத்துருவம் வாங்கினால் நியூட்ரலும் சேர்ந்து துண்டிக்கப்படும், இந்த அலைச்சலே இருக்காது. ஆனால் இரட்டைத்துருவம் இரண்டு இடம் பிடிக்கும், எங்கள் பெட்டியில் அத்தனை இடமில்லை, பெட்டியையே மாற்ற வேண்டும், 700 வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார். இப்போதைக்கு ஃபிரிட்ஜ் இருக்கிற பிளக் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒன்று தனியாகப் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறேன். தீபாவளி முடிந்து வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் பெட்டிக் கதவில் எது எதற்கு என்று மார்க்கரில் புதிதாக எழுதிவிட்டேன்.